"புத்தி சரியில்லை" என்று யார் சொல்வது?

பத்திர எழுத்தர் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அப்பா உயில் எழுதப் போகிறார். எழுத்தர் மூக்குக்கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமலே முதல் பாராவில் ஒரு வரியைச் சேர்த்துவிடுவார். இதை எழுதி வைப்பவர் நல்ல சுயபுத்தியோடு, பூரண நினைவோடு, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் எழுதி வைக்கிறார் என்று! நாமும் தலையை ஆட்டிவிட்டு, வீடு யாருக்கு, வயல் யாருக்கு என்ற வரிக்குத் தாவிவிடுவோம். பத்து வருஷம் கழித்து பங்காளிகள் கோர்ட் படியேறும்போது பாருங்கள்... சண்டை முழுக்க அந்த முதல் வரியில்தான் வந்து நிற்கும்.

சுயபுத்தி இருந்ததா, இல்லையா? அதை யார் சொல்ல வேண்டும்? அண்ணனா, டாக்டரா, போலீஸா, ஜட்ஜா?

சங்கரன்கோவில் பக்கத்து வாசகர்களுக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் நெருக்கமானதாகவே இருக்கும். பாதி சிவன், பாதி பெருமாளாக நிற்கும் சங்கரநாராயணரைக் கும்பிடவும், ஆடித்தபசு பார்க்கவும் வருகிற கூட்டம் ஒரு பக்கம். கோமதி அம்மன் சந்நிதிக்கு முன்னால் இருக்கும் சக்கரத்தில் உட்கார்ந்தால் மனக்கலக்கம் தீரும் என்று நம்பி, வீட்டில் ஒருவரைக் கையைப் பிடித்து அழைத்து வருகிறவர்கள் இன்னொரு பக்கம். புற்றுமண்ணை நெற்றியில் இட்டு, அம்மனிடம் அழுது முறையிட்டுவிட்டுப் போவார்கள். அந்த நம்பிக்கையைக் கேலி செய்வது நம் வேலை இல்லை. கோவிலுக்குத் தாராளமாகப் போங்கள், மாத்திரையை நிறுத்தாமல் போங்கள். அவ்வளவுதான்.

நாம் பேச வந்தது வேறு விஷயம். கோவிலில் யாரும் அவரைப் பார்த்து "சர்டிபிகேட் இருக்கா?" என்று கேட்பதில்லை. வெளியே வந்து சார்பதிவாளர் ஆபீஸ், பேங்க், கோர்ட் என்று ஏறி இறங்கும்போதுதான் அந்தக் கேள்வி முளைக்கிறது.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். இந்த ஊரில் விசைத்தறி வைத்திருக்கிறார்கள். மூன்று அண்ணன் தம்பிகள். நடுவுள்ளவருக்கு 22 வயதில் காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. மனச்சிதைவு, அதாவது ஸ்கிசோஃப்ரினியா. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடும் மாதங்களில் நூல் கணக்கு முழுவதையும் அவரே பார்ப்பார். நிறுத்திவிட்டால் மொட்டை மாடியில் தனியாகப் பேசிக்கொண்டு திரிவார். அப்பா உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். வீடு இருக்கிறது, தறி இருக்கிறது, ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலம் இருக்கிறது. மூத்தவர் எழுத்தரிடம் சொல்கிறார்:

"அண்ணாச்சி, அவனுக்குத்தான் மண்டைக்குச் சரியில்லையே. டாக்டர் சீட்டு இருக்கு. அவன்கிட்ட எதுக்குக் கையெழுத்து? நாங்க ரெண்டு பேரும் போட்டா போதாதா?"

போதுமா? இதே கேள்வியை இதே குடும்பம் ஒவ்வொரு காலத்தில் கேட்டிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும் என்று பார்த்துக்கொண்டே வருவோம். அப்போதுதான் இன்றைக்கு உள்ள பதிலின் அருமை தெரியும்.

வெள்ளைக்காரன் போட்ட மூன்று சட்டங்கள்

1858. சிப்பாய்க் கலகம் ஓய்ந்து, கம்பெனி ஆட்சி போய் ராணியின் ஆட்சி வந்த வருஷம். அந்த வருஷத்திலேயே, 34, 35, 36 என்று வரிசையாக மூன்று சட்டங்கள் மனநோயாளிகளுக்காக வந்தன. 34 சென்னை மாதிரி தலைநகரங்களில் இருந்த பெரிய கோர்ட்டுகளுக்கு. 35 நம்மைப் போன்ற வெளியூர்க்காரர்களுக்கு, மாவட்ட அளவில் விசாரிப்பதற்கு. 36 பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளுக்கு. (அன்றைய சட்டத்தின் பாஷை அதுதான், மன்னியுங்கள்.) மூன்றில் இரண்டு சொத்தைப் பற்றியவை என்பதைக் கவனித்தீர்களா? நோயாளியைவிட அவருடைய நிலத்தைப் பற்றிய கவலைதான் அரசாங்கத்துக்கு அதிகம் இருந்தது. நிலவரி வர வேண்டுமே!

சென்னையில் அதற்கு முன்பே, 1794-ல், வாலண்டைன் கானலி என்ற கம்பெனி டாக்டர் ஒரு மனநோய் விடுதியைத் தொடங்கியிருந்தார். அது பிறகு அரசாங்கத்தின் கைக்கு வந்து 1871-ல் கீழ்ப்பாக்கத்துக்குக் குடியேறியது. "கீழ்ப்பாக்கம்" என்று நாம் இன்றைக்கும் கிண்டலாகச் சொல்கிறோமே, அந்த இடம்தான். சங்கரன்கோவிலிலிருந்து சுமார் 600 கிலோமீட்டர். அங்கே அனுப்பிவிட்டால் மாதம் ஒருமுறை போய்ப் பார்த்து வருகிற தூரமா அது?

நம் நடுத் தம்பிக்கு அந்தக் காலத்தில் இன்னொரு பெரிய இடி காத்திருந்தது. பழைய இந்து சட்டப்படி, சொத்து பிரியும் நேரத்தில் புத்தி சுவாதீனம் இல்லாதவருக்குப் பங்கே கிடையாது. சோறு, துணி கொடுத்துக் காப்பாற்றினால் போதும். ஆகவே "இவனுக்குப் பைத்தியம்" என்று நிரூபிப்பதில் அண்ணன்மார்களுக்கு லாபம் இருந்தது! 1928-ல் வந்த சட்டம் இதைக் கொஞ்சம் தளர்த்தியது. பிறவியிலேயே அப்படி இருந்தால் மட்டும்தான் பங்கு போகும், இடையில் வந்த நோய்க்குப் போகாது என்றது. அதனால் வக்கீல்களின் சண்டை "பைத்தியமா" என்பதிலிருந்து "பிறவியிலேயேவா" என்பதற்கு மாறியது. கடைசியாக 1956-ல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம், தன் 28-வது பிரிவில், எந்த நோயோ குறையோ ஊனமோ காட்டி வாரிசுரிமையைப் பறிக்கக்கூடாது என்று அடித்துச் சொல்லிவிட்டது. "அவனுக்குப் பங்கு எதுக்கு?" என்று இன்றைக்கும் சில வீடுகளில் பேசுகிறார்களே, அந்தப் பேச்சு செத்து எழுபது வருஷம் ஆகப் போகிறது.

இரண்டு டாக்டர்கள், ஒரு ஃபாரம்

1912-ல் வந்த இந்திய மனநோயாளிகள் சட்டம் 80 வருஷம் நம்மை ஆண்டது. டாக்டரின் பங்கு என்ன என்பதை விவரமாக எழுதி வைத்தது இந்தச் சட்டம்தான். அதனால் இங்கே கொஞ்சம் நிற்போம்.

வீட்டில் ஒருவரை ஆஸ்பத்திரியில் அடைக்க வேண்டும் என்றால் கணவனோ மனைவியோ உறவினரோ மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட வேண்டும். மனுப் போடுகிறவர் அதற்கு முந்தைய 14 நாட்களுக்குள் அவரை நேரில் பார்த்திருக்க வேண்டும். (பாருங்கள், ஊரில் இருந்துகொண்டு கடுதாசி போட்டு ஆளை அடைக்க முடியாது!) கூடவே இரண்டு டாக்டர்களின் சர்டிபிகேட். அந்த சர்டிபிகேட் ஃபாரத்தில் இரண்டு பகுதி உண்டு. டாக்டர் தன் கண்ணால் பார்த்த அறிகுறிகள் ஒரு பகுதி. மற்றவர்கள் வந்து சொன்ன விஷயங்கள் இன்னொரு பகுதி. இரண்டையும் கலக்கக் கூடாது. அடுத்தவர் சொன்னதை மட்டும் வைத்து எழுதிய சர்டிபிகேட் செல்லாது.

இந்த ஒரு விதி எவ்வளவு புத்திசாலித்தனமானது என்று யோசித்துப் பாருங்கள். "டாக்டர், இவ ராத்திரியெல்லாம் தூங்கறதில்லை, பாத்திரத்தைத் தூக்கி எறியறா" என்று மாமியார் சொல்வது ஒன்று. டாக்டர் தனியாக அந்தப் பெண்ணோடு அரை மணி பேசிப் பார்ப்பது வேறு. பாத்திரம் எறியப்பட்டதற்குக் காரணம் நோயாகவும் இருக்கலாம், மாமியாராகவும் இருக்கலாம் இல்லையா?

ஆனால் தெருவில் திரிகிறவருக்கு இத்தனை மரியாதை கிடையாது. போலீஸ் பிடித்துக்கொண்டு போய் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும். ஒரு டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தால் போதும். முடிவெடுக்க முடியாவிட்டால் பத்துப் பத்து நாளாக, மொத்தம் 30 நாள் வரை வைத்துப் பார்க்கலாம். வீடு உள்ளவனுக்கு இரண்டு டாக்டர், வீடில்லாதவனுக்கு ஒரு டாக்டர்! தானே மனமுவந்து சிகிச்சைக்கு வருகிறவருக்கும் ஒரு தடை இருந்தது. ஆஸ்பத்திரியைப் பார்வையிட அரசாங்கம் நியமித்த இரண்டு பேர் சம்மதிக்க வேண்டும்.

சொத்து விஷயம் தனி. அதற்கு மாவட்ட நீதிமன்றம். நம்மூர்க்காரர்கள் திருநெல்வேலி போக வேண்டும். நோயாளி என்று சொல்லப்பட்டவருக்கு நோட்டீஸ் போகும். ஜட்ஜ் அவரை வரவழைத்துத் தானே பேசிப் பார்க்கலாம், அல்லது அவருடைய மனத்திறனைப் பற்றி ரிப்போர்ட் தரச் சொல்லி வேறொருவரிடம் அனுப்பலாம். கோஷா முறை இருந்த வீட்டுப் பெண்களைக் கோர்ட்டுக்கு இழுக்காமல் விசாரிக்கவும் வழி இருந்தது. ஜட்ஜுக்குத் துணையாக இரண்டு மூன்று பேரை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்றுகூட இருந்தது.

கோர்ட் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று, இவருக்குப் புத்தி சுவாதீனம் இல்லையா? இரண்டு, அதனால் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடியாதவரா? இரண்டுக்கும் ஆமாம் என்றால்தான் கார்டியனும் மேனேஜரும். அப்படி நியமிக்கப்பட்டவர் சொத்துப் பட்டியல் கொடுக்க வேண்டும், வருஷா வருஷம் கணக்குக் காட்ட வேண்டும், கோர்ட் அனுமதி இல்லாமல் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அடுத்த வாரிசாக இருக்கிறவரை நோயாளிக்குக் கார்டியனாகப் போடுவதற்குக்கூட சட்டம் தயங்கியது. தனிக் காரணம் இருந்தால்தான் போடலாம். சட்டம் எழுதியவர் நம் பங்காளிச் சண்டைகளை நிறையப் பார்த்திருப்பார் போலிருக்கிறது!

ஆக 1912-லேயே நம் மூத்த அண்ணாச்சிக்குப் பதில் "போதாது" என்பதுதான். டாக்டர் சீட்டு ஒரு சாட்சியம். தீர்ப்பு சொல்வது கோர்ட்.

பின்னே ஏன் ஊர் நடைமுறை வேறு மாதிரி இருந்தது? கோர்ட்டுக்குப் போகச் செலவு, அலைச்சல், வெட்கம். "நம்ம வீட்டு விஷயம் நாலு பேருக்குத் தெரியணுமா?" என்ற பயம். அதனால் பேசாமல் நோயாளியை ஒதுக்கிவிட்டு மற்றவர்கள் கையெழுத்துப் போட்டுக்கொண்டார்கள். சட்டம் அலமாரியில் இருந்தது.

1987-ல் மனநலச் சட்டம் நிறைவேறி, 1993 ஏப்ரல் 1-ம் தேதி அமலுக்கு வந்தது. பெயர்கள் மாறின. பழைய வசவுச் சொல் போய் "மனநோயாளி" ஆனார். மனவளர்ச்சிக் குறைவு இதில் சேராது என்று பிரித்தார்கள். தானாக வருகிறவரைச் சேர்ப்பது சுலபமானது. மாவட்ட கோர்ட் விசாரணை அப்படியே நீடித்தது. "தன்னையும் சொத்தையும் பார்த்துக்கொள்ள முடியாதவரா, அல்லது சொத்தை மட்டுமா?" என்று கேள்வியை இன்னும் பிரித்துக் கேட்டார்கள்.

அந்தச் சட்டம் அமலில் இருந்தபோதுதான், 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டிப் போடப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். தீ நெருங்கியபோது எழுந்து ஓடக்கூட வழியில்லை. சட்டம் கேட்ட லைசென்ஸ் அங்கே இல்லை. அதன் பிறகுதான் உச்ச நீதிமன்றம் தானாகவே தலையிட்டு, மாநிலங்களை எல்லாம் கணக்கெடுக்கச் சொன்னது.

கேள்வியே மாறிப்போனது

2007-ல் ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா ஏற்றுக்கொண்டது. அதற்கேற்ப 2017-ல் மனநலப் பராமரிப்புச் சட்டம் நிறைவேறி, 2018-ல் அமலுக்கு வந்தது. இதில்தான் பெரிய திருப்பம்.

பழைய சட்டங்கள் "இவர் யார்?" என்று கேட்டன. பைத்தியமா, இல்லையா? புதிய சட்டம் "இந்த முடிவை இவரால் இப்போது எடுக்க முடிகிறதா?" என்று கேட்கிறது. சிகிச்சை விஷயத்தில் மூன்றைப் பார்க்கச் சொல்கிறது. சொல்லப்படும் தகவல் புரிகிறதா? எடுத்தால் என்ன ஆகும், எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பது ஓரளவு தெரிகிறதா? தன் முடிவைப் பேச்சாலோ சைகையாலோ வேறு எப்படியாவதோ வெளியே சொல்ல முடிகிறதா? தகவலை அவருக்குப் புரியும் பாஷையில், தேவைப்பட்டால் படம் காட்டி, சைகை காட்டிச் சொல்ல வேண்டியது டாக்டரின் கடமை. இங்கிலீஷில் கடகடவென்று ஒப்பித்துவிட்டு "பேஷண்டுக்குப் புரியல" என்று எழுதக் கூடாது.

அடுத்து ஒரு வரி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. அவர் எடுத்த முடிவு மற்றவர்களுக்குத் தப்பாகத் தெரிகிறது என்பதனாலேயே அவருக்குத் திறன் இல்லை என்று சொல்லிவிடக் கூடாதாம்! நம் வீடுகளில் எத்தனை பேர் "புத்தி கெட்டவன்" பட்டம் வாங்கியிருக்கிறார்கள், பெரியவர்களுக்குப் பிடிக்காத முடிவெடுத்ததற்காக? ஜாதி மாறிக் காதலிப்பது, வேலையை விடுவது, பூர்வீக வீட்டை விற்க மாட்டேன் என்று அடம் பிடிப்பது... இவையெல்லாம் நோய் அல்ல. குடும்பத்தின் ஒழுக்க விதிக்கோ மத நம்பிக்கைக்கோ ஒத்துப்போகவில்லை என்பதற்காக ஒருவரை மனநோயாளி ஆக்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது.

எல்லாவற்றிலும் முக்கியமானது 3-வது பிரிவின் 5-வது உட்பிரிவு. ஒருவருக்கு மனநோய் இருப்பது உறுதியானால்கூட, அது மட்டுமே அவரைப் புத்தி சுவாதீனம் இல்லாதவர் ஆக்காது. தகுதியுள்ள கோர்ட் அப்படி அறிவித்தால்தான் உண்டு. ஓட்டுரிமையும் அப்படித்தான், கோர்ட் அறிவிக்காதவரை அவர் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்க முடியாது.

இந்த எண்ணம் முழுக்கப் புதிதும் இல்லை. 1872-ல் வந்த ஒப்பந்தச் சட்டமே ஓர் உதாரணம் தருகிறது. மனநோய் ஆஸ்பத்திரியில் இருக்கும் நோயாளி, இடையிடையே தெளிவாக இருக்கும் நேரத்தில் ஒப்பந்தம் செய்யலாம். அதே சமயம் நல்ல புத்தியுள்ள மனிதர், ஜுரத்தில் பிதற்றும்போதோ ஒன்றும் புரியாத அளவு போதையில் இருக்கும்போதோ செய்ய முடியாது. அதாவது ஆளைப் பார்க்காதே, அந்த நேரத்தைப் பார்! உயிலுக்கும் இதே கதைதான்.

இங்கிலாந்தில் ஜான் பேங்க்ஸ் என்று ஒரு மனிதர் இருந்தார். செத்துப்போன ஒருவர் தன்னைத் துரத்துகிறார், கெட்ட ஆவிகள் பின்னாலேயே வருகின்றன என்று நம்பினார். ஒருமுறை மனநோய் விடுதியிலும் இருந்தவர். 1863-ல் தன் சொத்தைத் தன்னோடு இருந்த உறவுக்காரப் பெண்ணுக்கு எழுதி வைத்தார். வழக்கு 1870-ல் தீர்ந்தது. உயில் செல்லும்! தான் உயில் எழுதுகிறோம் என்பது தெரிகிறதா, தன் சொத்து எவ்வளவு என்று தெரிகிறதா, யாருக்கெல்லாம் தன்மீது உரிமை உண்டு என்று தெரிகிறதா, அந்த ஆவி பயம் இந்த முடிவைக் கெடுக்காமல் இருந்ததா? இவ்வளவுதான் பார்க்க வேண்டும் என்றார்கள். நம் ஊர் கோர்ட்டுகளிலும் இந்த அளவுகோல்தான் இன்றைக்கும் பேசப்படுகிறது.

கொலைக் கேஸ்களில் சொல்வார்களே, அதுவும் அந்த நேரத்துப் புத்தியைத்தான் பார்க்கிறது. 1860-ன் தண்டனைச் சட்டத்தில் 84-வது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் நியாய சன்ஹிதாவில் 22-வது பிரிவாக இருக்கிறது.

பெண்களைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. "உங்க பொண்ணு மெண்டல், டைவர்ஸ் வாங்கிடுவோம்" என்று மிரட்டினால் பயந்துவிடாதீர்கள். ஸ்கிசோஃப்ரினியா என்று பெயர் சூட்டிவிட்டால் மட்டும் விவாகரத்து கிடைக்காது, சேர்ந்து வாழ்வதை எதிர்பார்க்க முடியாத அளவுக்கு நோய் கடுமையாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988-லேயே சொல்லிவிட்டது. மருத்துவப் பரிசோதனைக்கு உத்தரவிட கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு என்று 2003-ல் சொன்னபோதும், வலுவான முகாந்திரம் இருந்தால்தான் என்றது. கல்யாணத்துக்கு முன்பே நோய் இருந்தால் மறைக்காதீர்கள், அது தனிப் பிரச்னையைக் கொண்டுவரும். வலிப்பு நோய் ஒரு காரணமாகச் சட்டத்தில் இருந்தது, அதையும் 1999-ல் எடுத்துவிட்டார்கள்.

அம்மாவுக்கு மறதி வந்தால்?

ஸ்கிசோஃப்ரினியாவைவிட இன்றைக்கு நடுத்தரக் குடும்பங்களில் அதிகம் எழும் கேள்வி இது. 75 வயது அம்மா. காலையில் சாப்பிட்டது மறந்துபோகிறது. வீடு அவர் பெயரில்.

முதலில் டாக்டரிடம் போங்கள், வக்கீலிடம் பிறகு. திடீரென்று இரண்டு மூன்று நாளில் வந்த குழப்பம் என்றால் அது மறதி நோயே இல்லாமல் இருக்கலாம். சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் சோடியம் குறைவு, சர்க்கரை இறக்கம், புது மாத்திரையின் பக்க விளைவு... இவை எல்லாமே வயதானவர்களைப் பிதற்ற வைக்கும். சரி செய்தால் தெளிந்துவிடுவார்கள். தைராய்டு, பி-12 குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் மறதி மாதிரி வேஷம் போடும். காது கேட்காத பாட்டியிடம் கேள்வி கேட்டுவிட்டு "பதிலே சொல்லல" என்று மார்க்கைக் குறைத்த கதையும் உண்டு. பரிசோதனைக்குப் போகும்போது கண்ணாடியையும் காது மிஷினையும் மறக்காதீர்கள். சாயங்காலமானால் குழம்புகிறவர் என்றால் காலை நேரத்தில் அழைத்துப் போங்கள்.

டாக்டர் என்ன கிழமை, எந்த ஊர் என்று கேட்பார். மூன்று பொருளின் பெயரைச் சொல்லிக் கொஞ்சம் கழித்துத் திருப்பிக் கேட்பார். நூறிலிருந்து ஏழேழாகக் குறைக்கச் சொல்வார். 30 மார்க்குக்கு ஒரு டெஸ்ட், 1975-லிருந்து உலகம் முழுக்கப் பழக்கத்தில் இருக்கிறது. அந்த மார்க் ஒரு துப்பு மட்டும்தான். கிழமை தெரியாத பாட்டிக்கு, எந்த மகள் தன்னைப் பார்த்துக்கொண்டாள் என்பது நன்றாகவே தெரிந்திருக்கும். பள்ளிக்கூடம் போகாதவருக்கு ஏழேழாகக் கழிப்பது எந்த வயதிலும் கஷ்டம்தான்.

அம்மா தெளிவாக இருக்கும்போதே உயில் எழுத நினைத்தால், அன்றைக்கே டாக்டர் பரிசோதித்து, என்ன கேட்டேன், என்ன பதில் சொன்னார் என்று விவரமாக எழுதி வைப்பது நல்லது. "நலமாக உள்ளார்" என்ற ஒற்றை வரி சர்டிபிகேட் பிற்பாடு கோர்ட்டில் தாங்காது. சட்டம் கேட்கும் இரண்டு சாட்சிகளில் அந்த டாக்டரே ஒருவராக இருந்தால் இன்னும் பலம். சொத்து யாருக்குப் போகிறதோ அவரே முன்னால் நின்று எல்லா ஏற்பாட்டையும் செய்வது சந்தேகத்தைக் கிளப்பும். அந்தச் சந்தேகத்தை உயிலைக் கொண்டு வருபவர்தான் போக்க வேண்டும் என்று 1959-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

நிறையப் பேர் மாட்டிக்கொள்வது "பவர்" விஷயத்தில். அம்மா நன்றாக இருந்தபோது மகனுக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பார். அது எப்போதும் செல்லும் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். கொடுத்தவருக்குப் புத்தி சுவாதீனம் போய்விட்டால் பவரும் போய்விடும். ஒப்பந்தச் சட்டம் 201-வது பிரிவு. எந்த நேரத்துக்கு அது தேவை என்று நினைத்து வாங்கினார்களோ, சரியாக அந்த நேரத்தில் கைவிட்டுவிடும்!

அப்படியானால் கார்டியன்? இங்கேதான் ஒரு சிக்கல். 2017 சட்டம் பழைய மாவட்ட கோர்ட் விசாரணைப் பகுதியைத் திரும்பக் கொண்டுவரவில்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைவு, பல்வகை ஊனம் உள்ள 18 வயது கடந்தவர்களுக்கு 1999-ன் நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி கலெக்டர் தலைமையிலான குழு கார்டியனை நியமிக்கும். மனநோய் அதில் வராது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் 21 வகைகளில் ஒன்று. அதில் "வரம்புக்குட்பட்ட கார்டியன்" உண்டு. குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, நோயாளியோடு கலந்து பேசி முடிவெடுக்க வேண்டியவர். கோமாவில் இருப்பவர்களுக்கு உயர் நீதிமன்றமே வழி செய்து வருகிறது. 2024 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், கோமாவில் கிடந்த கணவரின் சொத்தை மருத்துவச் செலவுக்காக விற்க மனைவியைக் கார்டியனாக்கியது. சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லி அதற்கு முன் அவரைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

நம் விசைத்தறிக் குடும்பத்துக்கு வருவோம். நடுத் தம்பிக்குப் பங்கு உண்டு. அவரை விட்டுவிட்டு எழுதும் பாகப்பிரிவினை அவரைக் கட்டுப்படுத்தாது, பிற்பாடு வாங்கியவருக்கும் வம்பு. மாத்திரை சாப்பிட்டுத் தெளிவாக இருக்கும் நாளில், அவருக்குப் புரிகிற மாதிரி படித்துக் காட்டி, மனநல டாக்டரின் குறிப்போடு அவரே கையெழுத்துப் போடலாம். நூல் கணக்குப் பார்க்கிறவருக்குத் தன் பங்கு எவ்வளவு என்று தெரியாதா என்ன? முடியாத நிலை என்றால்தான் கோர்ட். வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் இலவச உதவி கேட்க அவருக்கு உரிமை உண்டு. வீட்டில் எல்லோரும் திணறும் நேரத்தில் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் இருக்கிறது. 2022-ல் தொடங்கியது, தமிழிலேயே பேசலாம்.

இன்னும் ஒரு காரியம், இது நோய் இல்லாதவர்களுக்கும் சேர்த்துத்தான். "நாளைக்கு எனக்கு மனநோய் வந்து, என்னால் முடிவெடுக்க முடியாமல் போனால், என்னை இப்படிக் கவனியுங்கள், இப்படிச் செய்யாதீர்கள், எனக்காக இன்னார் பேசட்டும்" என்று 18 வயது நிரம்பிய யாரும் இப்போதே எழுதி வைக்கலாம். 2017 சட்டம் தந்த உரிமை. அதற்கென்று ஒரு ஃபாரம் உண்டு, இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அவசர சிகிச்சைக்கு மட்டும் அது பொருந்தாது. எழுதியதைப் பீரோவில் பூட்டி வைத்துவிடாதீர்கள். ஒரு காப்பி நீங்கள் பெயர் குறிப்பிட்டவரிடம் இருக்கட்டும், இன்னொன்றை வழக்கமாகப் பார்க்கிற டாக்டரின் ஃபைலில் சேர்த்துவிடுங்கள்.